வண்டி தண்ணி குடிக்கிறதா? ஊற்றும் முன் தேடுங்கள்

மண், விதை, மாடு என்று பேசுகிற நம் இதழில் வண்டி எஞ்சினுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கிறோம் என்று கிளம்பிய பிறகு, நம்மில் பலர் வீட்டு வாசலில் ஒரு பழைய வண்டி நிற்கிறது. ஆம்னி, மாருதி 800, பழைய பொலிரோ, டாட்டா ஏஸ் என்று ஏதோ ஒன்று. ஆம்னியை எடுத்துக்கொண்டால் 1984இல் வந்து 2019 வரை தயாரிப்பில் இருந்த வண்டி. கைமாறிக் கைமாறி இன்னும் கீரையும் காய்கறியும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த வண்டிகளில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு ஒன்றுதான். "தினமும் காலையில ஒரு லிட்டர் தண்ணி ஊத்துறேன், அப்புறம் நல்லாத்தான் ஓடுது" என்பார்கள். நல்லா ஓடுவது ஒரு நாள் வரைக்கும்தான். அன்றைக்கு எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து, சந்தைக்குப் போக வேண்டிய கீரை ரோட்டோரத்தில் வாடும். தரகர் கமிஷனில் மிச்சம் பிடித்த காசு முழுக்க ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விடும்.

பூச்சி வந்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடாதே, ஏன் வந்தது என்று பார் என்றுதான் நாம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். வண்டிக்கும் அதே பாடம்தான். தண்ணி ஊற்றுவது மருந்தடிப்பது மாதிரி. தண்ணி எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். நான் சில வருசம் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவன். அங்கே கற்றதில் வீட்டிலேயே செய்யக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினில் தண்ணிக்கு என்ன வேலை?

நாம் ஊற்றும் பெட்ரோலோ டீசலோ எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. பழைய எஞ்சினில் அதைவிடக் குறைவு. மிச்சச் சூட்டில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. இன்னொரு பெரிய பகுதியை எஞ்சின் பிளாக்கையும் ஹெட்டையும் சுற்றி ஓடும் தண்ணி வாங்கிக்கொள்கிறது. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணியைத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் அது காற்றுப் பட்டு ஆறி, மறுபடி எஞ்சினுக்குத் திரும்புகிறது.

நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு இருக்கிறது. எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போது மூடியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணி ரேடியேட்டருக்குப் போகும்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணி, 0.9 கிலோ அழுத்தத்தில் 120 டிகிரியை நெருங்கும்போதுதான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. ஒழுகலே இல்லாத வண்டிகூடக் கொதிக்கும். எஞ்சின் ஆறும்போது பக்கத்து டப்பாவிலிருந்து தண்ணியைத் திரும்ப இழுத்துக்கொள்ள அதே மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வு உண்டு. அது கெட்டால், டப்பா நிரம்பியிருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். ஆனால் இதை முதலில் பார்ப்பவர்கள் குறைவு.

தண்ணி போக மூன்று வழிதான்

வரப்பு உடைந்தால் தண்ணி பக்கத்து வயலுக்குப் போகும், ஓடைக்குப் போகும், இல்லையென்றால் நண்டு வளையில் இறங்கும். எஞ்சினிலும் அப்படித்தான்:

1. வெளியே ஒழுகும்.
2. சிலிண்டருக்குள் போய், ஆவியாகிச் சைலன்சர் வழியே போகும்.
3. எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

எந்த வழி என்று தெரியாமல் ஒரு சாமானையும் மாற்றாதீர்கள்.

காலையில் செய்யும் சோதனை

இவை எல்லாம் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது செய்ய வேண்டியவை. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிதண்ணி முகத்தில் பாயும். துணியைப் போட்டுத் திறக்கிறேன் என்பதும் வேண்டாம். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். காத்திருங்கள்.

முந்தின நாள் இரவே சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் கீழே ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். காலையில் அட்டையில் கறை எங்கே, என்ன நிறம் என்று பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்றால் கூலண்ட். வெறும் தண்ணி ஊற்றும் வண்டியில் துரு நிறம். கறுப்பு, பழுப்பு, வழுவழுப்பு என்றால் ஆயில். ஏசி போட்டு ஓட்டிய வண்டிக்கு அடியில் நிறமில்லாத சுத்தத் தண்ணி சொட்டினால் அது ஏசித் தண்ணி, கோளாறு இல்லை.

அடுத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தண்ணியில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, துரு கலங்கலா, வெள்ளைப் படிவா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவதாக ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் தேன் நிறமோ கறுப்போ இருக்கலாம். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணி கலந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். மழை, பனிக் காலத்தில் கிட்டத்திலேயே ஓடும் வண்டியில், உள்ளே வியர்க்கும் ஈரம் அப்படிப் படியும். ஸ்டிக்கில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

நான்காவது, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் தண்ணியைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வருவது, சிக்கியிருந்த காற்று. சோடா பாட்டில் மாதிரி விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணிக்குள் வருகிறது. எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தி மூடிவிடுங்கள்.

வெளியே ஒழுகினால்

இதுதான் நல்ல செய்தி. சுலபமாக முடியும்.

ஹோஸ்களை விரலால் அழுத்துங்கள். மொறுமொறு என்று வெடிப்புச் சத்தம் வந்தாலும், ஈர மாவு மாதிரி அமுங்கினாலும் மாற்ற வேண்டிய நேரம். கிளிப் போட்டிருக்கும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்து உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிகிறது. ஈரம் தெரியாவிட்டாலும் அந்த உப்புதான் சாட்சி. சூடான எஞ்சினில் விழுந்த சொட்டு உடனே காய்ந்துவிடும். உப்பு மட்டும் நிற்கும். காலைக் குளிரில் மட்டும் சொட்டி, ஓடிய பிறகு நின்றுவிட்டால் பெரும்பாலும் கிளிப் தளர்ந்திருக்கும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது வேண்டுமென்றே விட்ட துளை. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணி அதன் வழியாக வெளியே வந்து நமக்குச் சொல்லும். அதை எதையாவது வைத்து அடைத்தால் தண்ணி பேரிங்குக்குள் போகும். துளையில் சொட்டினாலோ, புல்லியைக் கையால் ஆட்டும்போது ஆட்டம் இருந்தாலோ பம்பை மாற்றுங்கள்.

பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தட்டு அடித்து அடைத்திருப்பார்கள். பட்டறையில் டம்மி என்போம். வருசக்கணக்கில் வெறும் தண்ணி ஊற்றிய வண்டியில் இது உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித் துளை விழும். கை எட்டாத இடத்தில் இருப்பதால் பலர் பார்ப்பதில்லை. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் இன்னும் ஓர் இடம் உண்டு. கேஸைச் சூடாக்கும் வேப்பரைசருக்கு எஞ்சின் தண்ணிதான் இரண்டு சிறு குழாய்களில் போய் வருகிறது. அந்தக் குழாய்களையும் பாருங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் காலடித் தரைவிரிப்பு ஈரமாகி, உள்ளே இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் பெட்டி ஒழுகுகிறது.

ஓடும்போது மட்டும் கசிந்து, நின்ற பிறகு காய்ந்துவிடும் ஒழுகலைப் பிடிக்கப் பட்டறையில் ஒரு கைப்பம்ப் இருக்கும். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விடுவார்கள். முள் இறங்கினால் எங்கோ போகிறது. சொட்டு விழும் இடம் எஞ்சின் ஓடாமலே தெரிந்துவிடும். உங்கள் பட்டறையில் இந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ரேடியேட்டரை மாற்றச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனை நடந்ததா என்றும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

உள்ளே போனால்

எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் என்ற தகடு இருக்கிறது. எரியும் வாயு, தண்ணி, ஆயில் மூன்றையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைப்பது இதுதான். எஞ்சின் ஒரு தடவை பலமாகக் கொதித்தாலே அலுமினிய ஹெட் லேசாக வளையும். கேஸ்கெட் அங்கே விட்டுக்கொடுக்கும்.

தண்ணி சிலிண்டருக்குள் போகிறது என்பதற்கு அடையாளங்கள்: சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காது. கூலண்ட் ஊற்றிய வண்டியில் புகை இனிப்பு வாடை அடிக்கும். காலையில் முதல் சில நிமிடம் வரும் ஆவி எல்லா வண்டிக்கும் உண்டு, அதை எண்ண வேண்டாம். டீசல் வண்டியில் சரியாக எரியாத டீசலும் வெள்ளையாகத்தான் புகையும். ஆனால் அது கண்ணை எரிக்கும், டீசல் நாற்றம் அடிக்கும்.

பெட்ரோல் வண்டியில் இன்னும் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து எது என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். நன்றாக எரியும் பிளக் இளம் பழுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெளுத்திருந்தால், அந்த சிலிண்டரில் நீராவி போய் அதைத் தினமும் கழுவுகிறது.

இரவெல்லாம் தண்ணி சிலிண்டரில் சேர்ந்துவிட்டால் காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று நின்றுவிடும். பேட்டரி இறங்கியது என்று நினைத்து, தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணியை அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றினால் தண்ணி பீய்ச்சி வெளியே வரும். வந்தால் வண்டி பட்டறைக்குக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

ஆயில் பால் டீ நிறமானாலும் அப்படித்தான். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். தண்ணி கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. கேஸ்கெட் செலவோடு முடிய வேண்டியது முழு எஞ்சின் வேலையாகிவிடும்.

ஹெட்டை இறக்கினால், நேர்க்கம்பியும் ஃபில்லர் கேஜும் வைத்து வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். பல சிறு எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை. தலைமுடி கனத்துக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் இருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்ய வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் போட்டால் சில மாதத்தில் அதே கதை. போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, வரிசைப்படி, டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். கை மதிப்பில் முறுக்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒழுகல் இல்லை, ஆனாலும் சூடேறுகிறது

தண்ணி குறையவில்லை, முள் மட்டும் ஏறுகிறது என்றால் தண்ணி சுற்றவில்லை, அல்லது ஆறவில்லை.

எப்போது சூடேறுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லும். ஊருக்குள் நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் வேலை செய்யவில்லை. ஃபியூஸ், ரிலே, சூடறியும் சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் பெல்ட் தளர்வைப் பாருங்கள். நேர்மாறாக, வேகத்திலும் மேட்டிலும் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு என்று சந்தேகப்படலாம்.

நம் வண்டிகள் களத்துக்கும் காட்டுக்கும் போய் வருபவை. நெல் தூசு, வைக்கோல் துகள், பருத்திப் பஞ்சு, பூச்சி எல்லாம் ரேடியேட்டரின் முன்பக்கம் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான வேகத்தில் தண்ணி பீய்ச்சுங்கள். பலமாக அடித்தால் இதழ்கள் மடங்கிக் காற்றை அடைத்துவிடும். அறுவடைக் காலத்தில் மாதம் ஒருமுறை இதைச் செய்தாலே பாதிச் சூடு குறையும்.

தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கழற்றி, ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணியில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணி தளதளவென்று கொதிக்கும் முன் அது திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். "நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்கு, தூக்கிப் போடுங்க" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னமும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும், தேய்மானம் அதிகரிக்கும்.

தண்ணியை மாற்றிய பிறகு சூடேறினால் ஏர் லாக் ஆகியிருக்கும். வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காற்று வெளியேற வெளியேறத் தண்ணி சேர்க்க வேண்டும்.

ஒரு திம்பம் வண்டி

தாளவாடிப் பக்கம் காய்கறி செய்யும் நண்பர் ஒருவரின் ஆம்னி கதையைச் சொன்னால் இந்தப் பாடம் தெளிவாகும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். கீழே விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பும்போதே பாதி மலையில் வண்டி கொதித்தது. சமதரையில் ஒன்றுமில்லை. மேட்டில் சூடேறினால் ரேடியேட்டர்தான் என்று ஒரு பட்டறையில் புது ரேடியேட்டர் போட்டார்கள். கொதிப்பது கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறைவது நிற்கவில்லை.

மேலே சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். அட்டையில் கறை இல்லை, அதனால் வெளியே ஒழுகல் இல்லை. ஆயில் ஸ்டிக் சுத்தம், அதனால் மூன்றாவது வழியும் இல்லை. மிச்சம் சிலிண்டர் மட்டும்தான். ஆம்னிக்கு மூன்று சிலிண்டர். கழற்றிய மூன்று பிளக்கில் இரண்டு பழுப்பு, ஒன்று வெளுப்பு. மூடியைத் திறந்து ஓட்டினால் விடாமல் குமிழி. ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது அந்த சிலிண்டர் ஓரத்தில் கேஸ்கெட் கறுத்து அரித்திருந்தது. ஃபேசிங் செய்து புது கேஸ்கெட் போட்ட பிறகு திம்பம் ஏறுவதில் சிக்கல் இல்லை.

ரேடியேட்டர் போட்ட பட்டறை பொய் சொல்லவில்லை. மேட்டில் சூடேறுகிறது என்ற ஓர் அறிகுறியை மட்டும் பார்த்தார்கள். தண்ணி குறைகிறது என்ற இரண்டாவது அறிகுறியை யாரும் கேட்கவில்லை. இலை மஞ்சளாகிவிட்டது என்றதும் யூரியா போடச் சொல்வது மாதிரிதான். வேரில் தண்ணி தேங்கியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

வழியில் கொதித்தால்

முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அப்படியும் ஏறினால் நிழலில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். 'அடுத்த ஊர் வரைக்கும்' என்று ஓட்டுவதுதான் ஹெட்டை வளைக்கிறது. ஏறிய முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணி முழுக்கக் காலியானால் சூடறியும் முனை வெறும் காற்றில் நின்று தவறாகக் காட்டலாம்.

முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு மூடியைத் திறங்கள். கொதிக்கும் எஞ்சின் மேலோ உள்ளேயோ பச்சைத் தண்ணியை ஊற்றினால் இரும்பில் வெடிப்பு விழும். ரேடியேட்டர் ஊசித் துளைக்கு மஞ்சள் தூள் போடுவது லாரி ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். ஊர் வந்து சேர உதவும். ஆனால் அந்தத் தூள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வந்ததும் ரேடியேட்டரைக் கழுவிவிட வேண்டும். கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பானுக்கும் இதே பேச்சுதான்.

எந்தத் தண்ணி ஊற்றுவது?

போர் தண்ணி வேண்டவே வேண்டாம். சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கும் அதே வெள்ளை உப்பு, ரேடியேட்டர் குழாயையும் அடைக்கிறது. உப்புப் படிந்த இடத்தில் சூடு தண்ணிக்கு இறங்காது. பித்தளை ரேடியேட்டர் என்றால் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது என்றால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது அலுமினியத்தையே தின்றுவிடும்.

காய்ச்சி வடித்த தண்ணி நல்லது. பேட்டரிக்கு வாங்குகிறோமே, அதுதான். கூரையில் முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடித்து வடிகட்டிய மழைநீரும் உப்பு குறைந்தது. அதோடு கூலண்டை டப்பாவில் எழுதிய அளவில் கலக்க வேண்டும். நம் ஊரில் தண்ணி உறையாது, அதனால் கூலண்ட் தேவையில்லை என்பது தவறு. துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். இரண்டு நிறத்தைக் கலக்காதீர்கள். சாதாரணப் பச்சைக் கூலண்டை இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வடித்த கூலண்ட் நிலத்தில் விழக் கூடாது

நமக்கு இது மிக முக்கியம். பெரும்பாலான கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும். அதனால் நாய், பூனை, கன்று எல்லாம் நக்கிக் குடிக்கும். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை மில்லி போதும். குழந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. மாட்டுத் தொழுவத்துக்கும் தண்ணித் தொட்டிக்கும் பக்கத்தில் ஒழுகும் வண்டியை நிறுத்தாதீர்கள். வடிக்கும்போது அகலமான தட்டு வைத்து, கேனில் ஊற்றி, 'விஷம்' என்று எழுதி மூடி, பட்டறைக் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கீழே சிந்தினால் மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்சி எடுங்கள். தென்னை மூட்டிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிட்டு இயற்கை விவசாயம் பேச முடியாது. கழிவு ஆயிலை வேலிக்காலுக்குக் கறையானுக்காகப் பூசும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடலாம்.

பழைய வண்டி வாங்கப் போகும்போது

வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வையுங்க" என்று கேளுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலை நேர அறிகுறியை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறிய எஞ்சினில் மூடி, ஆயில் ஸ்டிக், குமிழி மூன்றையும் பாருங்கள். ரேடியேட்டரில் வெறும் துருத் தண்ணி இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். கூலண்ட் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்து மற்றதெல்லாம் அழுக்காக இருந்தால், அண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மேட்டிலும் ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, கீழே குனிந்து பாருங்கள்.

வண்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஆறிய எஞ்சினில் தண்ணி மட்டம் பார்த்து எழுதுங்கள். எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு தூரம் ஓடியது, மேடா சமதரையா என்று மூன்று வரி போதும். ஒரு மாதத்தில் அந்த நோட்டே கோளாறைக் காட்டிவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது அதைக் கையில் கொண்டு போங்கள். டிராக்டருக்கும், தண்ணியில் ஆறும் டீசல் பம்ப்செட்டுக்கும் இதே வரிசைதான்: முதலில் மூடி, பிறகு வெளி, பிறகு சிலிண்டர், பிறகு ஆயில். சாமான் மாற்றுவது அதற்கு அப்புறம்.